காடே இல்லாத லண்டனில் மரம் அறுக்கும் மில் எதற்கு?

விக்டோரியா காலத்தில் லண்டன் ஊருக்கு நடுவிலேயே நீராவியில் ஓடிய மரம் அறுக்கும் மில்கள் இருந்தனவே, பக்கத்தில் காடு இல்லாத இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த மில்களுக்கு வந்த சரக்கில் பெரும்பகுதி முழுத் தடி அல்ல. ஸ்வீடன், நார்வே, ரஷ்யா, கனடாவிலேயே ஒருமுறை அறுத்துக் கப்பலேற்றிய கனத்த பைன், ஸ்புரூஸ் பலகைகள். 9 அங்குல அகலமும் 3 அங்குல கனமும் வழக்கமான அளவு. அதற்கு 'டீல்' என்று பெயர். வியாபாரக் கணக்கு 'பீட்டர்ஸ்பர்க் ஸ்டாண்டர்ட்' என்ற கன அளவில் நடந்தது: 12 அடி நீளம், 11 அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனத்தில் 120 பலகை, அதாவது 165 கன அடி. இந்த டீலை வீட்டுத் தளத்துக்கும் கதவுக்கும் பெட்டிக்கும் ஏற்றபடி மெலிதாகப் பிளந்து தருவதுதான் நகர மில்லின் பிழைப்பு. அதற்குக் காடு வேண்டாம். தண்ணீர்க்கரையும் வாடிக்கையாளரும் பக்கத்தில் இருந்தால் போதும். 1820இல் முழுமையாகத் திறந்த ரீஜன்ட் கால்வாய் கிழக்கு லண்டனின் லைம்ஹவுஸில் தேம்ஸ் நதியோடு சேர்கிறது. கப்பலில் வந்த மரம் படகு மாறி கால்வாயோரப் படகுத்துறையான சிட்டி ரோடு படுகை வரை போகும். அங்கிருந்து ஷோர்டிச்சின் மேசை நாற்காலிப் பட்டறைகள் தள்ளுவண்டி தூரம்தான். அந்தச் சிறு பட்டறைகளில் நீராவி எந்திரம் வாங்க யாருக்கும் வசதியில்லை. அறுப்புக்குக் கூலி கொடுத்தால் போதும் என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம்.

கை அறுப்பிலிருந்து எந்திர அறுப்புக்கு மாறியது சண்டையில்லாமல் நடக்கவில்லை. லைம்ஹவுஸில் சார்லஸ் டிங்லி கட்டிய காற்றாலை மில்லை 1768 மே மாதம் கை ரம்பக்காரர்கள் திரண்டு வந்து நொறுக்கினார்கள். அவர்கள் முறையில் குழிமேல் தடியைக் கிடத்தி, மேலே நிற்பவர் கோடு பிடிப்பார். குழிக்குள் நிற்பவர் தூளெல்லாம் தலையில் கொட்டக் கீழே இழுப்பார். விக்டோரியா 1837இல் பட்டத்துக்கு வந்தபோதும் லண்டனில் குழி அறுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது.

மில்லுக்குள் எந்த எந்திரம் எதற்கு என்று புரிய, ரம்பம் தின்னும் மரத்தைக் கணக்குப் போட்டால் போதும். 3 அங்குல டீலில் ஐந்து வெட்டுப் போட்டு ஆறு பலகை எடுக்க வேண்டும் என்று வையுங்கள். அன்றைய வட்ட ரம்பம் வெட்டுக்கு ஏறத்தாழ இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் தின்றால், ஐந்து வெட்டில் ஒன்றேகால் அங்குலம் தூளாகப் போய்விடும். மரத்தில் நூற்றுக்கு 42 பங்கு! இரும்புச் சட்டத்தில் பூட்டிய சட்ட ரம்பத்தின் அலகு மெலிது; வெட்டுக்கு ஒரு நூல் என்றால் இழப்பு நூற்றுக்கு 21தான். வட்ட ரம்பம் வேகமானது, விலை குறைந்தது. ஆனாலும் மெல்லிய பலகைக்குச் சட்ட ரம்பத்தை யாரும் கைவிடாததற்கு இதுவே காரணம்.

சட்ட ரம்பம் என்பது ஒரு கனத்த இரும்புச் சட்டத்தில் பல அலகுகளை நிறுத்தி, தரைக்குக் கீழே உள்ள கிராங்கால் மேலும் கீழும் ஓட்டுவது. பள்ளம் வெட்டிய உருளைகள் பலகையை உள்ளே தள்ளும். அலகு கீழே இறங்கும்போதுதான் அறுக்கும். ஆகவே அலகை நேர்செங்குத்தாக மாட்டக் கூடாது. மேல்முனை பலகை வரும் பக்கமாகச் சற்றே முன்சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஏறும்போது பல் மரத்தை விட்டு விலகும். சாய்வு போதாவிட்டால் பல் உரசிச் சூடாகி மழுங்கும். ஆப்பு அடித்து அலகை இழுத்துக் கட்டுவதில் ஒன்று தளர்ந்தாலும் அந்தப் பலகை மட்டும் அலைஅலையாக வரும். சட்டம் ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் கட்டடமே அதிரும் என்பதால் அடியில் ஆழமான செங்கல் அஸ்திவாரம் போட்டார்கள்.

வட்ட ரம்பத்தின் சூட்சுமம் வேறு. விளிம்பு நிமிடத்துக்கு 9,000 அடி ஓடுவது நல்ல வேகம். 3 அடி விட்டத்துக்கு அது சுமார் 950 சுற்று. அந்த வேகத்தில் விளிம்பு விரியும். அறுப்புச் சூட்டிலும் விரியும். தகடு எங்கும் ஒரே விறைப்பாக இருந்தால் விளிம்பு தள்ளாடி வெட்டுக் கோணும். அதனால் ரம்பத்தைச் சீர் செய்பவர் பட்டடையில் வைத்துத் தகட்டின் நடுப்பகுதியைச் சுத்தியலால் தட்டித் தளர்த்துவார். ஓடும்போது சரியாகிவிடும். மில்லில் மிகவும் மதிக்கத்தக்க ஆள் இவர்தான் என்பேன். பல்லிடுக்கை உருண்டையாக அராவாமல் கூர்மூலையாக விட்டால் அங்கிருந்தே விரிசல் தொடங்கும். விரிசல் முனையில் சிறு துளை போட்டு அதை நிறுத்துவார்கள். ஈரமான மென்மரத்துக்குப் பற்களை இடமும் வலமும் கூடுதலாக விரிப்பார்கள். காய்ந்த கடின மரத்துக்குக் குறைவாக. ரம்பத்துக்குப் பின்னால் பிளவைத் திறந்து வைக்கும் கத்தி இல்லையென்றால், அறுபட்ட மரம் மூடி ரம்பத்தைக் கவ்வும். பின்பக்கப் பற்கள் பலகையைத் தூக்கி ஆள்மீது எறியும்.

இரண்டு சக்கரங்களில் வளையமாக ஓடும் நீண்ட அலகுதான் பட்டை ரம்பம். அதற்கு வில்லியம் நியூபெரி 1808இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அலகு ஒட்டுப்போட்ட இடத்தில் அறுந்துகொண்டே இருந்தது. பாரிஸின் பெரன் நிறுவனம் நூற்றாண்டின் நடுவில் நல்ல அலகு செய்த பிறகுதான் அது பட்டறைகளுக்குள் நுழைந்தது.

முழுத் தடியும் வரத்தான் செய்தது: மஹோகனி, பர்மாவின் மௌல்மேனிலிருந்து தேக்கு. அதை ஹாப்பஸ் கணக்கில் அளந்தார்கள். சுற்றளவில் நாலில் ஒரு பங்கைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 60 அங்குலச் சுற்றும் 20 அடி நீளமும் உள்ள தடி 31.25 கன அடி. உண்மையில் அதில் கிட்டத்தட்ட 39.8 கன அடி மரம் இருக்கும். நம்மூர் மரவாடிகளில் தேக்குத் தடிக்கு இன்றும் போடும் அதே கணக்குதான்.

கொதிகலனுக்கு எரிபொருளாக மரத்தூளும் கழிவுத் துண்டுமே பெருமளவு உதவின. அதே தூள்தான் எமனும். எண்ணெய் வற்றிய தாங்கி சூடாகி, சுற்றிலும் படிந்த தூள் பற்றினால் அடுக்கிய பலகையெல்லாம் போகும். லண்டனின் பேட்டர்சீயில் பொறியாளர் மார்க் பிரூனலின் பெயர்பெற்ற மில்லும் 1814இல் தீயில்தான் அழிந்தது. எந்திர அறையைத் தனிச் செங்கல் கட்டடமாக வைத்ததன் காரணம் இந்தப் பயம்.

பிரிட்டன் 1866இல் மர வரியை முழுவதும் நீக்கியதும் டீல் குவிந்தது. ஆனால் ஸ்வீடனிலும் 1849இல் சுண்ட்ஸ்வால் அருகே துனாடாலில் முதல் நீராவி மில் ஓடத் தொடங்கியிருந்தது. பிறகு அந்த நாட்டு மில்கள் இழைத்து, ஒன்றோடொன்று கோக்க நாக்கும் காடியும் எடுத்த தளப்பலகையையே கப்பலேற்றின. லண்டன் மில்லின் கையில் தங்கியது கடின மரம், மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடான வினியர், பட்டறைக்காரர் அன்றன்று கேட்கும் தனி அளவுகள்.