பழைய விமானப்படைத் தொப்பிச் சின்னத்தின் காலத்தை எப்படிக் கண்டறிவது?

தொப்பிச் சின்னம் என்பது தொப்பியின் முன்பக்கம் அணியும் உலோக அல்லது ஜரிகை அடையாளம். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே விமானத்தளம் இருந்த ஊர் சூலூர். எனவே கோவைப் பக்கத்து வீடுகளின் பழைய டிரங்குப் பெட்டிகளில் இவை கிடைப்பதில் வியப்பில்லை.

முதலில் உச்சியைப் பாருங்கள். படை யாருடையதோ அவருடைய அடையாளமே அங்கே இருக்கும். அப்பத்தாவின் சுருக்குப்பையில் ராஜா தலை போட்ட காசும் சிங்கத்தலைக் காசும் கலந்து கிடக்குமே, அதே கணக்குதான். கிரீடம் இருந்தால் மன்னர் காலம். அசோகச் சிங்கங்கள் இருந்தால் 1950-க்குப் பிறகு.

கிரீடத்திலும் இரண்டு வகை உண்டு. கவிழ்த்த தேங்காய் மூடிபோல் வளைவு உருண்டு எழுந்தால் அது மன்னர் கிரீடம். உச்சிக் குமிழுக்குக் கீழே வளைவு பள்ளமாக இறங்கினால், 1952-இல் அரியணை ஏறிய எலிசபெத் ராணியின் கிரீடம். அது பிரிட்டன் படையுடையதாக இருக்கலாம். நிச்சயம் இந்தியப் படையுடையது அல்ல. நாம் அதற்குள் குடியரசாகிவிட்டோம். எனக்கு மிகவும் பிடித்த தடயம் இதுதான்.

கிரீடம் இருந்தாலே 1947-க்கு முந்தையது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. 1945-இல் பெற்ற ‘ராயல்’ (அரச) பட்டத்தை நம் விமானப்படை 1950 ஜனவரி 26 வரை வைத்திருந்தது; எனவே கிரீடச் சின்னம் அதுவரைக்கும் உரியதாக இருக்கலாம்.