விளம்பர எஸ்.எம்.எஸ் தொல்லையைச் சட்டத்தால் நிறுத்த முடியுமா?

அம்மாவின் போனுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து விளம்பர மெசேஜ் வருகிறது, இலங்கையில் இதற்குச் சட்டமே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கொழும்பில், அம்மா ஊரில் தனியாக, இரவு கோல் எடுத்தால் முதலில் இந்தப் பேச்சு. அப்படித்தானே? எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக. விளம்பரக்காரர்களுக்கு அடுத்தவர் நம்பரைக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

2016இல் மலையகத்தில், தலவாக்கலையில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் வேலை செய்தேன். போட்டோகொப்பி, லேமினேட், ரீலோட் (போனுக்குக் காசு போடுவது). ரீலோட் போட வருகிறவர்கள் நம்பரைச் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில், நோட்டுப் புத்தகத்தில், எழுதுவேன். கடனுக்கு என்றால் பெயர், தோட்டம், டிவிஷன் எல்லாம் சேர்த்து எழுதுவேன். முடிந்த கொப்பிகள் கவுண்டருக்குக் கீழே கிடக்கும். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது டை கட்டிய ஒருவர் வந்தார். "தம்பி, பழைய கொப்பி இருந்தா குடுங்க, போட்டோ எடுத்துட்டு அப்பவே தந்துர்றேன்" என்றார். 1,500 ரூபாய் கொடுத்தார். கொடுத்துவிட்டேன்.

நீயெல்லாம் நியாயம் பேச வந்துட்டியா என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். எழுதுங்கள். அன்றைக்கு இதற்கென்று ஒரு சட்டம் இல்லை, கொப்பியில் இருப்பது யாருக்குச் சொந்தம் என்று என் முதலாளியே யோசித்ததில்லை. 1,500 ரூபாய் எனக்கு மூன்று நாள் சம்பளம்.

அடுத்த மாசி மாதம் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு என் அம்மா கடை வாசலில் வந்து நின்றார். கொழுந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) காசுக்கு எழுதிப் போட்டிருந்த நேரம். லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, ரோட்டுக்கு நடந்து, பஸ் பிடித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். போனை நீட்டி, "ஈ.பி.எப் காசு போட்டுட்டாங்களாடா, பாரு" என்றார். சிங்களத்தை இங்கிலீஷ் எழுத்தில் அடித்த ஒரு மெசேஜ். உடனடிக் கடன், நகை தேவையில்லை, இந்த நம்பருக்கு அழையுங்கள். நடுவில் பெரிய தொகை ஒன்று இருந்தது. அந்த இலக்கத்தைத்தான் அம்மா வாசித்திருக்கிறார்.

விளம்பரம்மா, என்றேன். பிளேன்டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். அந்த மெசேஜ் என் கொப்பியிலிருந்துதான் போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அம்மாவின் நம்பர் அந்தக் கொப்பியில் இருந்தது, என் கையெழுத்தில்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். நீங்கள் சம்மதித்தால்தான் விளம்பரம் அனுப்பலாம், ஒவ்வொரு மெசேஜிலும் காசில்லாமல் நிறுத்தும் வழியைச் சொல்ல வேண்டும். மீறினால் தண்டப்பணம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்தன. கடைசி நேரத்தில் தள்ளிப்போட்டு, அதே வருடம் திருத்தமும் கொண்டுவந்தார்கள். எழுத்தில் இது அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட நல்லது. அங்கே மின்னஞ்சல் விளம்பரத்தை முதலில் அனுப்பலாம், வேண்டாம் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் நிறுத்த வேண்டும். ஆஸ்திரேலியா அதே 2003இலேயே சம்மதம் கேள் என்று போட்டுவிட்டது.

என் சித்தப்பா குடும்பம், தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில், தமிழ்நாட்டின் கோத்தகிரிக்குப் போனது. அங்கே சித்தப்பா மகன், என் தம்பி, 1909 என்ற நம்பருக்கு மெசேஜ் போட்டு விளம்பரம் வேண்டாம் என்று பதிந்திருக்கிறான். இந்தியாவின் 2018 விதிகளுக்குப் பிறகு அனுப்புகிற கம்பெனி தன் பெயரையும் மெசேஜின் வாசகத்தையும்கூட முன்கூட்டியே பதிய வேண்டும். கடை, பேங்க் மெசேஜெல்லாம் குறைந்துவிட்டது என்கிறான். கடன் வேண்டுமா என்று சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து வருகிற கோல் மட்டும் நிற்கவில்லை.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பெயர் போட்டு அனுப்புகிறவனைச் சட்டம் பிடிக்கும், அவனுக்குப் பயமும் உண்டு. கவுண்டருக்குக் கீழே கிடக்கும் கொப்பி எந்த அதிகாரியின் கண்ணிலும் படாது. அதற்காகச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அப்படித் திரிக்காதீர்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. தபால் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அம்மாவின் ஈ.பி.எப் கடிதம் அங்கே 19 நாள் கிடந்தது. கொண்டுவந்து தர ஆளில்லையாம். விளம்பரக்காரனுக்கு மட்டும் எத்தனையாம் நம்பர் லயத்தில் யார் இருக்கிறார் என்று சரியாகத் தெரிகிறது. தபால்காரர் காம்பரா (லயத்து அறை) வாசலுக்கு வருவதற்கு என்ன சட்டம் வேண்டுமோ, அதை யாரும் கேட்பதில்லை.

உங்கள் அம்மாவின் போனில் அந்த நம்பர்களை நீங்களே உட்கார்ந்து பிளொக் பண்ணுங்கள். துணிக்கடையில் பில் போடும்போது நம்பர் கேட்டால் இல்லை என்று சொல்லச் சொல்லுங்கள். ரீலோட் எங்கே போடுகிறார் என்று கேளுங்கள். அங்கே கொப்பி வைத்திருந்தால், அம்மாவின் நம்பரை வெட்டச் சொல்லி நேரே நின்று பாருங்கள்.