கயிறு பிடிப்பவர்கள்

வணக்கம் அண்ணே,

திருமங்கலத்தில் இருந்து எழுதுகிறேன். ஆறு வருடமாக ரத்தக் கொடையாளர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். 700 பேர் இருக்கிறோம். வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் போன் போட்டு விசாரித்து, தேதி போட்டு, ரத்தம் கிடைத்ததும் அழிப்பது என் வேலை. ராத்திரி பதினொரு மணிக்கும் போன் வரும். யாரும் நன்றி சொல்வதில்லை. ஒரு பதிவை நீக்கினால் மட்டும் 'பெரிய கலெக்டர்' என்கிறார்கள். தினமும் காலை வணக்கப் படம் போடும் ஒரு பெரியவரைப் போன வாரம் கோபத்தில் நீக்கிவிட்டேன். 67 வயது, 22 முறை ரத்தம் கொடுத்தவர். அதிலிருந்து குழு இரண்டுபட்டுக் கிடக்கிறது. சம்பளம் இல்லாத இந்தச் சேவையை உலகம் முழுக்க இத்தனை பேர் ஏன் செய்கிறார்கள்? உள்ளுக்குள் அதிகார ஆசைதானா? யாராவது தப்பான செய்தி போட்டால் அட்மின் மேல் கேஸ் வருமா? விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

'தேதி போட்டு' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். நாலு வருடம் முன்பு என் மாமனாருக்கு ஆபரேஷன். ஏ நெகட்டிவ் கிடைக்காமல் அலைந்தோம். யாரோ என் மனைவியின் எண்ணைப் போட்டு, 'அவசரம், இன்றே தேவை' என்று செய்தி அனுப்பினார்கள். ரத்தம் கிடைத்தது. அவர் பிழைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஏழு மாதம் கழித்தும் போன் வந்துகொண்டே இருந்தது. "அக்கா, நான் தேனியில இருந்து கிளம்பட்டுமா?" என்று ஒரு பையன் கேட்டான். "அப்பா இல்ல தம்பி, ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குள் போய்விடுவாள். 'இன்றே' என்று எழுதியவர், எந்த இன்று என்று எழுதவில்லை. அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த குழுக்களில் உங்களைப் போல ஆள் இருந்திருந்தால் அவளுக்கு அத்தனை முறை அதைச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

கேஸ் பயத்தை விடுங்கள். 2021 டிசம்பரில் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலேயே இப்படி ஒரு வழக்கு வந்தது. அட்மினாக இருந்தார், வேறு பங்கு எதுவும் இல்லை என்றால் போலீஸ் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கையில் அவர் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது.

சம்பளம் பற்றி. 1990களில் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் அரட்டை அறைகளை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஷிப்ட் உண்டு, நேரக்கணக்கு உண்டு. கிடைத்தது இலவச இணைப்பு. 1999இல் அவர்களில் சிலர் கூலி கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள், 2010இல் ஒன்றரைக் கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அவர்கள் கேட்டது நியாயம். மேஸ்திரி வைத்து வேலை வாங்கினால் கூலி கொடுக்கத்தான் வேண்டும். உங்களுக்கு மேஸ்திரி கிடையாது.

அப்புறம் எதற்காகச் செய்கிறீர்கள்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் தாய்மாமா மதுரை தல்லாகுளத்தில், சித்திரைத் திருவிழாவுக்கு வரும் அழகர் இறங்கிப் போகும் ஒரு மண்டகப்படியில் வருடா வருடம் கயிறு பிடிப்பார். அழகரை மதுரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்றைக்கு அவர் வந்து இறங்கும்போது கூட்டம் ஒரே தள்ளாகத் தள்ளும். இரண்டு பக்கமும் தாம்புக்கயிற்றைப் பிடித்து வழி விட வேண்டும். கயிறு பிடிப்பவன் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க முடியும். சாமி அவனுக்கு முதுகுப் பக்கம். தீபாராதனை முடிந்து பல்லக்கு கிளம்பப் பத்து நிமிடம்கூட ஆகாது. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, "சாமியப் பாத்தீங்களா மாமா?" என்று கேட்டேன். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. அதை ஊதிக்கொண்டே, "அந்தப் பச்சைச் சேலைக் கெழவி தூண்கிட்ட நின்னுச்சே, அது பாத்துச்சாடா?" என்றார்.

ஒரு வருடம் வரிசையை மீறி உள்ளே வந்த பெரிய இடத்து ஆட்களை அவர் நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் அவரைக் கூப்பிடவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அழகரை நேருக்கு நேர் பார்க்கும் இடம். எனக்குத் தெரிந்தது சாமி. அவர் கண்ணெல்லாம் கயிறு எங்கே தொய்கிறது என்பதில்தான் இருந்தது. "இடதுபக்கம் விடுறாங்க, இடதுபக்கம் விடுறாங்க" என்று முனகிக்கொண்டே இருந்தார். கண் அப்படிப் பழகிவிட்டது. இதை ஆசை என்பீர்களா, அதிகாரம் என்பீர்களா? நீங்களும் விட்டுவிட்டு வெளியே வந்து பாருங்கள். தேதி இல்லாத கோரிக்கை எங்கே கண்ணில் பட்டாலும் உங்களுக்குத் தூக்கம் வராது.

அதனால் 'சேவை' என்ற வார்த்தையை இனி எழுதாதீர்கள். எனக்குக் கோபம் வந்தது அந்த வார்த்தையில்தான். சேவை என்று நினைக்கும் நிமிடத்தில் நன்றி பாக்கி என்று ஒரு கணக்கு ஆரம்பித்துவிடும். வராத நன்றிக்கு வட்டியும் ஏறும். அந்த வட்டியைத்தான் அந்தப் பெரியவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள். படங்கள் நடுவில் கோரிக்கை காணாமல் போகிறது, சரி. அதைச் சொல்லித் தடுத்திருக்கலாம். மாமா கயிற்றால் வழி விட்டார், யாரையும் அடித்ததில்லை.

நீங்களே வயதை எழுதியிருக்கிறீர்கள், யோசிக்கவில்லை. 65 வயதுக்கு மேல் ரத்தம் எடுக்க மாட்டார்கள். 22 முறை கை நீட்டியவர், இரண்டு வருடமாகக் கொடுக்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். 'நானும் இங்கேதான் இருக்கிறேன்' என்று சொல்ல அவரிடம் அந்தக் காலை வணக்கத்தைத் தவிர வேறு என்ன மிச்சம் இருந்தது? தோல் உரியும் வேலையில் பாதியை அவர் கையில் கொடுங்கள். பகலில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரிக்கும் வேலையை அவர் பார்க்கட்டும், ராத்திரியை நீங்கள் பாருங்கள். இதைச் செய்தியில் அனுப்பாதீர்கள். திருமங்கலம் என்ன அத்தனை பெரிய ஊரா, வீட்டுக்கே போய்க் கேளுங்கள்.