கலைஞர்களுக்கான செய்திமடலை வளர்ப்பது: கேள்வி பதில்

தனித்து இயங்கும் ஓவியர்கள், குயவர்கள், அச்சுக் கலைஞர்கள், சிறு வடிவமைப்புக் கூடங்கள் ஆகியோரை அறிமுகப்படுத்தும் மின்னஞ்சல் மடல்களைப் பற்றிய கேள்விகளுக்கு 'அஞ்சல்பெட்டி' பதில் சொல்கிறார். பட்டியல், மடல் போய்ச் சேருவது, வருமானம் மூன்றும் கேட்கலாம். லோகோ பற்றிக் கேட்க வேண்டாம் என்கிறார்.

களிமண்: அக்கா, 340 பேர் இருக்கிறார்கள். மூன்று மாதமாக அதே 340. புதியவர்களை எங்கே தேடுவது?

அஞ்சல்பெட்டி: நீங்கள் யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவர்களிடமே. ஒவ்வொரு கலைஞருக்கும் அவர் வேலையை விரும்புகிற ஒரு கூட்டம் ஏற்கெனவே உண்டு. மடல் வெளியான பிறகு "பகிருங்கள்" என்று ஒரு வரி அனுப்பினால் ஒருவரும் பகிர மாட்டார்கள், ஏனென்றால் எதைப் பகிர்வது என்று அவர்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். அந்த வேலையை நீங்களே முடித்துக் கொடுங்கள்.

மடல் போவதற்கு இரண்டு நாள் முன்பு அவருக்கு ஒரு பொட்டலம் அனுப்புங்கள்: சதுரப் படம் ஒன்று, நெட்டைப் படம் ஒன்று, அவர் குரலில் எழுதிய மூன்று வரி, அவருக்கென்றே தனி அடையாளம் சேர்த்த லிங்க். அந்த லிங்க் மடலின் முகப்புக்குப் போகக் கூடாது. அவரைப் பற்றிய கட்டுரைக்கே போக வேண்டும், கட்டுரையின் நடுவிலும் முடிவிலும் சந்தாப் பெட்டி இருக்க வேண்டும். பெட்டியில் மின்னஞ்சல் முகவரி மட்டும் கேளுங்கள். பெயர், ஊர், தொழில் என்று கட்டங்களைக் கூட்டினால் பாதியில் விட்டுப் போவார்கள்.

ஆறு இதழ் கழித்து எந்த லிங்க் வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று பாருங்கள். பின்தொடர்வோர் அதிகம் உள்ளவர் குறைவாகவும், சிறிய ஆனால் நெருக்கமான வட்டம் உள்ளவர் அதிகமாகவும் கொண்டுவந்திருப்பது சாதாரணம். அடுத்து யாரை எழுதுவது என்பதை மட்டும் இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் மடல் பிரபலங்களின் வரிசையாகிவிடும்.

தூரிகை: என் கடையில் இதுவரை வாங்கியவர்களின் முகவரி 2,000 இருக்கிறது. அப்படியே பட்டியலில் ஏற்றிவிடலாமா?

அஞ்சல்பெட்டி: கூடாது. ரசீது வாங்கத் தந்த முகவரி அது. ஜிமெயில் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிப்படி ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1-க்குக் கீழே வைத்திருப்பது நல்லது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலில் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்தினாலே வரம்பில் நிற்கிறீர்கள். தண்டனை அந்த மூவரோடு நிற்காது, ஆசையாகச் சேர்ந்தவர்களுக்கும் மடல் ஸ்பேமில் விழும். இனி வரும் ஆர்டர்களில், முன்கூட்டியே டிக் போடாத ஒரு கட்டத்தை வையுங்கள். விருப்பமுள்ளவர் போட்டுக்கொள்வார்.

நூல்கண்டு: யாரையும் கேட்காமல் சேர்க்கவில்லை. ஆனாலும் ஸ்பேமுக்குத்தான் போகிறது. எங்கே பார்ப்பது?

அஞ்சல்பெட்டி: முதலில் அனுப்புநர் முகவரி. ஜிமெயில் அல்லது யாஹூவின் இலவச முகவரியை 'அனுப்புநர்' என்று போட்டு வேறொரு சேவை வழியாக அனுப்பினால் அது ஆள்மாறாட்டம் போலவே தெரியும். சொந்த டொமைன் (உங்கள் பெயரிலான இணைய முகவரி) வாங்குங்கள்.

அடுத்து டிஎன்எஸ்-இல், அதாவது அந்த டொமைனின் விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் ஏட்டில், மூன்று பதிவுகள். எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் யார் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம் என்பது மடலில் இடப்படும் கையெழுத்து. இவை பொருந்தாதபோது என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்வது டிமார்க். அதிகம் பேர் சறுக்குவது எஸ்பிஎஃப்-இல்தான். அலுவலக மின்னஞ்சலுக்கு ஒன்று ஏற்கெனவே இருக்கும், மடல் சேவைக்காக இரண்டாவதாக ஒன்று சேர்ப்பார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான். இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகி நின்றுவிடும். இரண்டையும் ஒரே வரியில் இணையுங்கள். அந்த வரி கிளப்பும் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டவும் கூடாது. பயன்படுத்தாத சேவைகளை எடுத்துவிடுங்கள்.

டிமார்க்கை முதலில் 'நன்' (எதையும் தடுக்காதே) நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரம் பாருங்கள். உங்களுடைய எல்லா மடல்களும் தேறிய பிறகே 'குவாரண்டைன்' (தேறாததை ஸ்பேமில் போடு). முதல் நாளே கடுமையாக வைத்தால் உங்கள் கடை ரசீதுகளே வாடிக்கையாளருக்குப் போகாமல் நின்றுபோகலாம்.

ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் இருக்க வேண்டும். ஒரு நாளில் 5,000 மடலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு அது கட்டாயம், விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்கவும் வேண்டும். 340 பேர் வைத்திருப்பவருக்கும் அது நல்லதே. விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானைத்தான் தேடுவார்.

மரப்பாச்சி: எங்கள் மடலைத் திறப்பவர்கள் 62 சதவீதம்! விளம்பரதாரரிடம் இதைக் காட்டலாமா?

அஞ்சல்பெட்டி: காட்டாதீர்கள். 2021-இல் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமை வசதி, வாசகர் மடலைத் தொடுவதற்கு முன்பே படங்களை இறக்கிவிடும். திறந்தவரைக் கணக்கெடுக்க மடலில் ஒளித்து வைக்கும் கண்காணிப்புப் படமும் அதோடு இறங்கும், உங்கள் கணக்கில் 'திறந்தார்' என்று ஏறும். கிளிக்கும் முழுச் சுத்தமில்லை. சில அலுவலகப் பாதுகாப்பு மென்பொருள்கள் எல்லா லிங்கையும் தாமே அழுத்திப் பார்க்கும். அனுப்பிய சில விநாடிகளில் ஒரே முகவரியிலிருந்து எல்லா லிங்கிலும் கிளிக் விழுந்தால் அதைக் கழித்துவிடுங்கள். மீதியில் கலைஞரின் பக்கத்துக்குப் போனவர்கள் எத்தனை, பதில் எழுதியவர்கள் எத்தனை, தள்ளுபடிக் குறியீட்டைப் பயன்படுத்தி வாங்கியவர்கள் எத்தனை? இந்த மூன்றையும் காட்டுங்கள்.

வண்ணக்கலவை: முழு இதழையும் அழகாக வடிவமைத்து ஒரே படமாக அனுப்புகிறேன். எழுத்துரு கெடாமல் இருக்கிறது.

அஞ்சல்பெட்டி: படம் ஏறாதவருக்கு வெற்றுக் கட்டம். பார்வையற்றவருக்கு ஒன்றுமே இல்லை. தேடினால் கிடைக்காது, கைப்பேசியில் எழுத்து கடுகாகிவிடும். எழுத்தை எழுத்தாகவே அனுப்புங்கள். படங்களை 1,200 பிக்சல் அகலத்தில் ஏற்றி 600-இல் காட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் மாற்று உரை (படம் தெரியாதவருக்கு அதை விவரிக்கும் வரி) எழுதுங்கள். 'படம் 3' மாற்று உரை ஆகாது, 'சாம்பல் மெருகிட்ட வாய் குறுகிய ஜாடி' ஆகும்.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மடலின் நிரல் சுமார் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைக்கும். படங்கள் வெளியே இருப்பதால் அந்தக் கணக்கில் வராது, எழுத்து வரும். கணினி எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'கலைஞர்' என்பது திரையில் நான்கெழுத்து, உள்ளே ஆறு குறியீடு ('லை', 'ர்' இரண்டுக்கும் இரண்டிரண்டு), 18 பைட். 1,500 சொல் எழுதினால் எழுத்துக்கே ஏறக்குறைய 40 கேபி போய்விடும். அதன்மேல் வார்ப்புருவின் நிரல். வெட்டுப்படுவது அடிப்பகுதி, விலகும் லிங்க் இருப்பதும் அங்கேதான். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நூல்கண்டுக்குச் சொல்லியாயிற்று.

படச்சுருள்: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அனுப்பினால் நல்லது?

அஞ்சல்பெட்டி: நீங்கள் தவறாமல் அனுப்பக்கூடிய கிழமை.

சிறுதறி: 10,000 கலை ஆர்வலர்களின் முகவரி விலைக்கு வருகிறது...

அஞ்சல்பெட்டி: தூரிகைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். அவருடைய 2,000 பேருக்காவது அவரைத் தெரியும்.

சாயம்: ஒரு இதழுக்கு ஒன்பது மணி நேரம் ஆகிறது. அறிமுகமாகும் கலைஞரிடம் ஒரு சிறு தொகை வாங்கினால் என்ன தவறு?

அஞ்சல்பெட்டி: வாங்கலாம். ஆனால் அது விளம்பரம், தலைப்பிலேயே 'விளம்பரம்' என்று போட வேண்டும். போட்டால் வாசகர் அதைக் கட்டுரையாகப் படிக்க மாட்டார். போடாவிட்டால் தெரியவரும் நாளில் மற்ற கட்டுரைகளும் சந்தேகத்துக்குள்ளாகும்.

சாயம்: விற்பனையில் பாதியை எடுத்துக்கொள்ளும் கலைக்கூடங்கள் இல்லையா? அவர்களை யாரும் கேட்பதில்லையே.

அஞ்சல்பெட்டி: அவர்கள் விற்ற பிறகு எடுக்கிறார்கள். நீங்கள் விற்குமுன் கேட்கிறீர்கள். ஒன்றுமே விற்காவிட்டால் கலைக்கூடத்துக்கும் நட்டம். உங்கள் ஏற்பாட்டில் நட்டம் கலைஞருக்கு மட்டும்.

அச்சுமை: அப்படியானால் நாமும் விற்ற பிறகு பங்கு வாங்கலாமே?

அஞ்சல்பெட்டி: கேட்க நியாயமாக இருக்கிறது. சிக்கல் மூன்று. மடலில் பார்த்தவர் இரண்டு மாதம் கழித்து நேராகப் போய் வாங்குவார், தள்ளுபடிக் குறியீடு பதிவாகாது, கணக்கில் மனக்கசப்பு வரும். மாதாமாதம் சரிபார்க்கும் வேலை உங்கள் தலையில் விழும். மூன்றாவதுதான் பெரிது: சுலபமாக விற்பதை எழுதத் தோன்றும். சுவரோவியரும் பொம்மலாட்டக்காரரும் உங்கள் மடலுக்குள் வரவே மாட்டார்கள்.

சாயம்: ஆக, இலவசமாகவே உழைக்கச் சொல்கிறீர்கள்.

அஞ்சல்பெட்டி: அப்படிச் சொல்லவில்லை. கலைஞருக்கு விற்பவர்களிடம் வாங்குங்கள்: படத்துக்குச் சட்டம் போடுபவர், காகிதக் கடை, வண்ணம், அச்சகம், பொதி கட்டும் பொருள். ஓர் இதழுக்கு ஒருவர் மட்டும். பிறகு வாசகரிடம் கேளுங்கள். மடல் எல்லோருக்கும் திறந்தே இருக்கட்டும், விரும்பியவர் ஆதரவுச் சந்தா கட்டட்டும்.

அச்சுமை: அடியில் இரண்டு வரிக் கட்டண அறிவிப்பு? எல்லோருக்கும் ஒரே விலை, ஒரே அளவு, படம் கிடையாது.

அஞ்சல்பெட்டி: அது நல்ல யோசனை. பட்டறை வாடகை, பயிற்சி வகுப்பு, பழைய அச்சு இயந்திரம் போன்றவற்றை வாசகரும் தேடிப் படிப்பார்.

சாயம்: அந்த இரண்டு வரிக்குப் பணம் கட்டியவரையே அடுத்த இதழில் கட்டுரையாக எழுதினால்?

அஞ்சல்பெட்டி: சரியான இடத்தில் பிடித்தீர்கள். மூன்று மாத இடைவெளி என்று விதி எழுதி, அதை மடலிலேயே வெளியிடுங்கள். மனதுக்குள் வைத்திருக்கும் விதி பணம் தேவைப்படும் மாதத்தில் மறந்துபோகும்.

தாழம்பூ: மடல் அனுப்பும் தளங்களில் எது நல்லது, சப்ஸ்டாக்கா, கோஸ்டா?

அஞ்சல்பெட்டி: சப்ஸ்டாக் கட்டணச் சந்தாவில் 10 சதவீதம் எடுக்கும், அதுவரை செலவில்லை. கோஸ்ட் பங்கு எடுக்காது, ஆனால் சேவைக்கு மாதக் கட்டணம் உண்டு. இரண்டிலும் பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. கட்டணச் சந்தா எண்ணத்தில் இல்லையென்றால் முதலாவதில் தொடங்குங்கள். எதுவானாலும் மாதம் ஒருமுறை பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (எளிய அட்டவணைக் கோப்பு) இறக்கி வையுங்கள்.

கூழாங்கல்: எந்தக் கிழமை அனுப்பலாம், அக்கா?

அஞ்சல்பெட்டி: படச்சுருள் உங்களுக்கு முன்பே கேட்டுவிட்டார்.

களிமண்: கடைசியாக ஒன்று. கண்காட்சியில் காகிதத்தில் முகவரி வாங்கினேன். 60-இல் 14 திரும்பி வந்துவிட்டது.

அஞ்சல்பெட்டி: அவசரத்தில் எழுதினால் முகவரியில் ஓர் எழுத்தைப் படிக்க முடியாமல் போகும். க்யூஆர் அட்டையை மேசையில் கண் மட்டத்துக்கு நிறுத்தி வையுங்கள், முகவரியை அவரவர் கைப்பேசியிலேயே தட்டட்டும். காகிதமும் வேண்டுமென்றால் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று வரைந்த படிவம் வையுங்கள். என்ன மடல், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று அதன் தலையில் ஒரு வரி இருக்கட்டும். அன்றிரவே உறுதிப்படுத்தும் மடல் அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் எங்கே கையெழுத்துப் போட்டோம் என்றே மறந்திருப்பார்கள். திரும்பி வந்த 14-ஐயும் ஊகித்துத் திருத்தி மறுபடி அனுப்பாதீர்கள், உங்கள் ஊகம் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் முகவரியாக இருக்கலாம். பேனாவை மேசையோடு நூல் போட்டுக் கட்டிவிடுங்கள்.