பொம்மை நடத்தும் பாடம்

கேள்வி: என் நான்கு வயதுப் பேரன் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கப் பொம்மை நிகழ்ச்சியை டிவியில் பார்த்தே ஆங்கில எழுத்துகளைக் கற்றுக்கொள்கிறான் என்று மருமகள் பெருமைப்படுகிறாள். பொம்மை ஆட்டம் படிப்பாகுமா? நாங்கள் மணலில் எழுதித்தானே படித்தோம்? - ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆகும். மருமகள் பெருமைப்படுவதில் தப்பே இல்லை. குழந்தையை உட்கார வைக்கப் பொம்மை, பாடம் தனி என்று நினைக்கிறீர்கள். அங்கே பாடம் நடத்துவதே பொம்மைதான்.

நிகழ்ச்சி தொடங்கிய காலத்துக் காட்சி ஒன்று. கெர்மிட் என்ற தவளை 'டபிள்யூ' எழுத்தைப் பற்றி மும்முரமாகப் பேசுகிறது. குக்கீ மான்ஸ்டர் என்ற பிஸ்கட் தின்னிப் பொம்மை அந்த எழுத்தில் ஒரு கோட்டைக் கடித்துத் தின்றுவிடுகிறது. டபிள்யூ இப்போது 'என்'. இன்னொரு கடி, 'வி'. இன்னொன்று, 'ஐ'. நான்கு கோடு, மூன்று, இரண்டு, ஒன்று. ஒரு கோடு குறைந்தால் எழுத்தே மாறிவிடும் என்பதைக் கரும்பலகையில் புரியவைக்க எத்தனை நாள் ஆகும், சொல்லுங்கள்! இரட்டைத் தலைப் பொம்மை ஒன்றும் உண்டு. ஒரு தலை சொல்லின் முன்பாதியைச் சொல்லும், மற்றது பின்பாதியை. இரண்டும் நெருங்க நெருங்க முழுச் சொல் வந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிப்பது என்றால் இதுதானே?

இதெல்லாம் குருட்டாம்போக்கில் வந்ததில்லை. 1969 நவம்பரில் ஒளிபரப்புவதற்கு முன், ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பொம்மைகள் வந்தபோது கண் கொட்டாமல் பார்த்தவர்கள், ஒரு தெருவில் மனிதர்கள் மட்டும் பேசும் காட்சிகளில் வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள். பொம்மையையும் மனிதரையும் கலக்காதீர்கள் என்று உளவியலாளர்கள் சொல்லியிருந்தார்கள். அதை மீறித் தெருவுக்குள் பொம்மைகளைக் கொண்டுவந்தார்கள். பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவைப் பொம்மை பிறந்தது அப்படித்தான்.

சரி, பலன்? அந்தக் காலத்தில் அமெரிக்க மக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த நிகழ்ச்சி சரியாக எடுக்கவில்லை. அந்தப் பகுதிகளில் வந்தது, அன்றைய டிவிப் பெட்டிகள் பல சரியாகப் பிடிக்காத யூ.எச்.எஃப். அலைவரிசை. கியர்னி, லெவின் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2015இல் இரு பகுதிகளையும் ஒப்பிட்டார்கள். படம் தெளிவாகத் தெரிந்த ஊர்க் குழந்தைகள், பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் இருப்பது கூடியிருந்தது. ஏழைப் பகுதிகளில் பலன் இன்னும் அதிகம். வீட்டில் புத்தகம் வாங்க முடியாத குழந்தைக்கும் எழுத்து போய்ச் சேர வேண்டும் என்றுதான் இதை ஆரம்பித்தார்கள். அந்த ஒன்றுக்காகவே நான் இதைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

மணலில் எழுதுவதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையும் நீங்களே சொல்லிக்கொடுங்கள். அதற்கு முன் ஒரு நாள் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பொம்மை தப்பாகச் சொல்லும்போது அவன் திரையைப் பார்த்துக் கத்துகிறானா என்று கவனியுங்கள்.