சாப்பிடவே பயமா? வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்கள்

என் மகளுக்கு 22 வயது. இரண்டு இட்லி சாப்பிட்டால் அரைமணி நேரத்தில் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாள். எட்டு மாதத்தில் 52 கிலோவிலிருந்து 41 கிலோ. எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை, 'மனசுதான் காரணம்' என்றார்கள். இப்போது ஒரு டாக்டர் எம்.ஏ.எல்.எஸ். என்று எழுதியிருக்கிறார். அப்படியென்றால் என்ன? (அல்சூர் வாசகி)

அம்மா, எடை குறைவது மகளுக்குக் கவலையா, நிம்மதியா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். 'பசிக்குது, ஆனா சாப்பிட்டா வலிக்குமேன்னு பயமா இருக்கு' என்றால் அவள் சொல்வதை அப்படியே நம்புங்கள்.

பெருந்தமனி மார்பிலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் இடத்தில், உதரவிதானத்தின் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) நார்ப்பட்டை ஒன்று வில்போல அதன்மேல் வளைந்திருக்கும். அதற்குச் சற்றுக் கீழேதான் இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சீலியாக் தமனி கிளை பிரிகிறது. சிலருக்கு அந்த வில் தாழ்ந்திருந்து தமனியை அழுத்தும். பக்கத்திலேயே பின்னிக்கிடக்கும் நரம்புகளும் சேர்ந்து நசுங்கும். இதனால் வரும் தொந்தரவுதான் எம்.ஏ.எல்.எஸ்., அதாவது மீடியன் ஆர்க்யூவேட் லிகமென்ட் சிண்ட்ரோம். வலி ரத்தக்குறைவாலா, நரம்பாலா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் கருத்து வேற்றுமை உண்டு. நரம்புக்குத்தான் பெரிய பங்கு என்பது என் எண்ணம். 1965இல் டன்பார் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதியதால் டன்பார் நோய் என்றும் சொல்வார்கள். ஒல்லியான பெண்களிடம் அதிகம் பார்க்கிறோம்.

முதல் பரிசோதனை டாப்ளர் ஸ்கேன். வெறும் வயிற்றோடு போகவேண்டும். 'மூச்சை முழுசா வெளியே விட்டு நிறுத்தும்மா' என்பார்கள். அப்போது தமனி மேலே நகர்ந்து வில்லில் முட்டும், ரத்தத்தின் வேகம் சட்டென்று ஏறும். தோட்டக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறுமே, அதேதான். மூச்சை இழுத்தால் வேகம் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் எங்களுக்கு முக்கியம். அடுத்தது சி.டி. ஆஞ்சியோகிராம். பக்கவாட்டுப் படத்தில் தமனி தூண்டில் முள்போல வளைந்து தெரியும். சி.டி.யில் வழக்கமாக மூச்சை உள்ளிழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள், அதில் அழுத்தம் மறைந்துபோகலாம். மூச்சை வெளியே விட்ட நிலையிலும் எடுக்கும்படி சீட்டில் எழுதி வாங்குங்கள். பித்தப்பைக் கல், குடல் காசநோய் போன்றவை இல்லை என்பதையும் உறுதிசெய்தாக வேண்டும்.

நான் இளம் டாக்டராக இருந்தபோது இப்படி வந்த ஒரு பெண்ணுக்கு 'கேஸ்ட்ரிக்' என்று மாத்திரை எழுதி அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் முறை வந்தபோது அவள் சுடிதார் இடுப்பில் இரண்டு ஊக்கு குத்திச் சுருக்கியிருந்தாள். அந்த ஊக்குகளைப் பார்த்த பிறகுதான் உட்காரவைத்து முழுதாகக் கேட்டேன். பெங்களூரில் நம்மவர்கள் பலர் கன்னடமோ ஆங்கிலமோ தடுமாறி, எல்லா வயிற்று வலியையும் 'கேஸ்ட்ரிக்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் வலிக்கிறது என்று எழுதிக் கொண்டுபோங்கள். தமிழில் எழுதினாலும் படித்துச் சொல்ல ஆள் கிடைப்பார்கள்.

கிட்னி கல்லுக்கு எடுத்த சி.டி.யில் 'சீலியாக் தமனி அழுத்தம்' என்று ரிப்போர்ட். எனக்கு வலி எதுவும் இல்லை. ஆபரேஷன் தேவையா? (எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்)

தேவையில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கு இந்த அழுத்தம் படத்தில் தெரியும். படத்துக்கு ஆபரேஷன் செய்யக்கூடாது. ஆனால் பக்கத்துத் தமனிகளில் வீக்கம் ஏதும் இருக்கிறதா என்று மட்டும் ரேடியாலஜிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு மாற்று வழியில் ரத்தம் அதிகம் ஓடி, கணையத்தை ஒட்டிய தமனி புடைக்கலாம். அது இருந்தால் கதை வேறு.

ஆபரேஷனுக்குப் பதில் ஸ்டென்ட் வைத்தால் போதாதா? (ஜெயநகர்)

முதலிலேயே வைப்பது தவறு. அழுத்துவது வெளியே இருக்கும் பட்டை. அதை விடுவிக்காமல், தமனியை உள்ளிருந்து விரித்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்டை வைத்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் நசுங்கி வளைந்து உடைந்துபோகலாம்.

லேப்ராஸ்கோப்பியில் என்ன செய்வார்கள்? ரோபோ வேண்டுமா? (சிவாஜிநகர்)

நான்கைந்து சிறு துளைகள். கல்லீரலைத் தூக்கிப் பிடித்து, இரைப்பைக்குப் போகும் தமனியைப் பிடித்துக்கொண்டே அதன் வேர்வரை போவோம். அங்கே வெள்ளையாகத் தடித்திருக்கும் நார்களை ஒவ்வொன்றாக அறுத்து, நசுங்கிய நரம்புகளையும் நீக்கி, பெருந்தமனியின் சுவர் தெரியும்வரை போகவேண்டும். கடைசி நார் விடுபட்டதும் தமனி திரையில் விரிந்து துடிக்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த நொடியில் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

உலகில் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பியில் இதைச் செய்ததாக வெளிவந்த பதிவு 2000ஆம் ஆண்டினுடையது. பெரும்பாலானோர் சில நாட்களில் வீடு திரும்புவார்கள். ஆபத்து ரத்தக்கசிவுதான். பெருந்தமனிமேலேயே வேலை செய்கிறோம், கசிந்தால் வயிற்றைத் திறக்க நேரலாம். எனவே ரோபோ இருக்கிறதா என்பதைவிட, இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், ரத்தநாள சர்ஜன் உடன் இருப்பாரா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, எந்த நல்ல சர்ஜனும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எண்ணெய், காரம் குறைத்தால் சரியாகுமா? (மர்பி டவுன்)

சரியாகாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட்டால் வலி சற்றுக் குறையலாம்.

ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். மறுபடி வலி. ஏமாந்துவிட்டேனா? (ஸ்ரீராமபுரம்)

இல்லை அம்மா. எல்லோருக்கும் முழுக் குணம் கிடைப்பதில்லை, இதை ஆபரேஷனுக்கு முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். திரும்ப டாப்ளர் எடுங்கள். பட்டை மிச்சமிருந்தால் மறுபடி விடுவிக்கலாம். பட்டை போயும் தமனி சுருங்கியே இருந்தால், இப்போது ஸ்டென்ட்டுக்கு இடம் உண்டு. தமனி நன்றாகத் திறந்திருந்தால் இரைப்பை உணவைத் தள்ளும் வேகத்தைச் சோதிக்க வேண்டும். பழைய ஸ்கேன் பதிவான டிஸ்க்குகளைத் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள், ஒப்பிட அவை வேண்டும்.