போஸ்ட்கிரெஸ் என்ற திறமூலத் தரவுத்தளத்துக்கு வரும் பேட்ச் (நிரல் மாற்றம்) ஒன்றை மதிப்பாய்வு செய்ய அத்தரவுத்தளத்தின் உள்கட்டமைப்பு முழுவதும் தெரிந்திருக்க வேண்டுமா?

தேவையில்லை. பேட்ச் அனுப்புபவர் ஒவ்வொருவரும், ஏறத்தாழ அதே சிக்கலுடைய பிறரது பேட்ச் ஒன்றை மதிப்பாய்வு செய்து தர வேண்டும் என்பதே அத்திட்டத்தின் எதிர்பார்ப்பு; எல்லாம் அறிந்தவர்கள் மட்டும் போதும் என்றால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் நிரலைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் மாஸ்டர் எனும் முதன்மை நிரல் கிளையின் மேல் பேட்சைப் பொருத்தி, அசர்ட் சரிபார்ப்புகளை (நிரல் தன் அனுமானங்களைத் தானே சோதித்துக்கொள்ளும் வரிகளை) இயக்கிக் கம்பைல் செய்து, சோதனைத் தொகுப்புகளை இயக்கும் 'மேக் செக்-வேர்ல்டு' கட்டளையை ஓட்டுவேன். அசர்ட்டை இயக்காதபோது எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டு, இயக்கியதும் சர்வரையே நிறுத்திவிடும் பேட்சுகள் உண்டு. பிறகு பேட்சுடன் வந்த ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் சொன்னதை நல் (NULL, அதாவது மதிப்பே இல்லாத) புலம், காலி அட்டவணை, பார்ட்டிஷன்களாக (பகுதிகளாக) பிரித்த அட்டவணை ஆகியவற்றில் செய்து பார்ப்பேன். அட்டவணை போன்றவற்றை உருவாக்கும், மாற்றும் புதிய டிடிஎல் கட்டளை என்றால், பிஜி_டம்ப் கருவியால் காப்புநகல் எடுத்து மீட்டெடுக்கும்போது அது சிதையாமல் திரும்புகிறதா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். பலர் மறக்கும் இடம் இது.

நிரலுக்கு வந்தபின், மாறிய வரிகளை விட, மாறாத எந்த வரிகள் இவற்றை நம்பியிருக்கின்றன என்பதையே அதிகம் தேடுகிறேன். 2021இல் வெளிவந்த 14ஆம் பதிப்பை நினைத்துப் பாருங்கள். அட்டவணையில் எழுதுவதைத் தடுக்காத 'கன்கரன்ட்லி' முறையில் இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அமைப்பு) உருவாக்கம் நெடுநேரம் ஓடும்போது, அதன் பழைய ஸ்னாப்ஷாட் (தரவை ஒரு கணத்தில் இருந்தபடி காட்டும் பார்வை) காரணமாகப் பிற அட்டவணைகளில், பழைய பதிவுகளை அகற்றும் வேக்யூம் வேலை தேங்கிவிடும். அந்த ஸ்னாப்ஷாட்டை வேக்யூம் பொருட்படுத்தாமல் விடலாம் என்ற மேம்பாடு நியாயமாகவே தோன்றியது. ஆனால் எந்தப் பதிவுகள் இனி யாருக்கும் தேவையில்லை என்பதை இத்தகைய ஸ்னாப்ஷாட்கள் வகுக்கும் எல்லையே முடிவு செய்கிறது; இன்டெக்ஸ் உருவாகும் அதே அட்டவணையில் இறந்த பதிவுகளைக் களையும் ஹாட் புரூனிங் என்ற வேலையும் அந்த எல்லையைத்தான் நம்பியிருந்தது. விளைவாக, இன்டெக்ஸ் உருவாகும் நேரத்தில் திருத்தப்பட்ட பதிவுகள் சில சமயம் இன்டெக்ஸில் இடம்பெறாமல் போயின. 2022 ஜூனில் வந்த 14.4 பதிப்பு அந்த மேம்பாட்டையே திரும்பப் பெற்றதுடன், அம்முறையில் உருவாக்கிய இன்டெக்ஸ்களை மீண்டும் கட்டுமாறும் பரிந்துரைத்தது. தேர்ந்தவர்கள் பார்த்த பேட்சில் நேர்ந்தது இது. ஆகவே 'இந்த எல்லையை வேறு யார் பயன்படுத்துகிறார்கள்?' என்று புதியவர் கேட்கும் கேள்வியை நான் ஒருபோதும் சிறியதாக எண்ணுவதில்லை.

மதிப்பாய்வை எழுதும்போது, ஓட்டிப் பார்த்தவற்றைப் போலவே பார்க்காதவற்றையும் குறிப்பிடுங்கள். 'பூட்டுகள் தொடர்பான பகுதியை நான் ஆராயவில்லை' என்ற ஒரு வரி இருந்தால், பேட்சைத் திட்டத்தில் சேர்க்கும் உரிமையுள்ள, அடுத்து வரும் கமிட்டர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை உடனே அறிந்துகொள்வார்.